மற்றவை மாறாதிருக்கும்போது

அந்தத் தொழிற்சாலையில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைப்பதில்லை. சட்டையின் எந்தப் பகுதி யார் கையால் தைபடுகிறதோ, அதுவே அவர்களுக்குப் பெயர். பை தைப்பவர் பாக்கெட் அண்ணன். பொத்தான் வைக்கிறவள் பட்டன். இவள் காலர் அக்கா. பதினாறு வருஷமாகக் காலர். எத்தனை காலர் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பாதியில் பயந்துபோய் நிறுத்திக்கொண்டாள்.

முப்பத்தாறாவது வயதில் அவளுடைய வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் விடியற்காலையில் மட்டும். பிறகு மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் யாரோ கடன் கொடுத்த விரல்கள் மாதிரி ஆகிவிடும். காலர் முனையைத் திருப்பும் இடத்தில் விரல்தான் கண். துணி ஊசிக்குக் கீழே எங்கே இருக்கிறது என்று விரல் சொல்லாவிட்டால், முனை ஒருபக்கம் கூராகவும் மறுபக்கம் மொண்ணையாகவும் வந்து நிற்கும். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது, கைக்கு ஓய்வு கொடுங்கள் என்றார் மருத்துவர்.

"கையை வீட்ல விட்டுட்டு நான் மட்டும் வேலைக்குப் போகவா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

ஊசியிலிருந்து தப்பிக்க அந்தக் கட்டடத்தில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. மெஷின்கள் வரிசையாக நிற்கும் லைனின் கோடியில் இருந்த ரைட்டர் மேஜை. மணிக்கு எத்தனை சட்டை முடிந்தது, எது எங்கே தேங்கியது என்று எழுதுகிற வேலை. முன்பு எழுதியவள் பிரசவத்துக்குப் போய்த் திரும்பவில்லை. ஆனால் மேஜை வேலைக்கு இனி மேல்நிலைப் படிப்பில் தேறிய சான்றிதழ் வேண்டும் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. அவளிடம் எல்லாப் பாடத்திலும் தேறிய சான்றிதழ் இருந்தது, ஒன்றைத் தவிர. பொருளாதாரம். பதினெட்டு வயதில் ஒரு தடவை தோற்றாள். மறு வருஷம் மறுபடி தோற்றாள். பிறகு கல்யாணம், பிறகு காலர்.

"பாஸ் பண்ணி பேப்பரைக் கொண்டா. மேஜை உனக்கு," என்றார் மேனேஜர். "ஆனா ரொம்ப நாள் காலியா வெச்சிருக்க முடியாது. இந்தப் பரீட்சைதான்."

அவ்வளவுதான் விஷயம். இந்தத் தடவை தேறினால் மேஜை. தேறாவிட்டால், மொண்ணைக் காலர் எத்தனை வந்தால் ஒருத்தியை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று அவளுக்கே தெரியும்.

மருந்துக்கடை மாடியில் ஒரு டியூஷன் நடந்தது. வேலை முடிந்து பஞ்சும் நூலும் தலையில் ஒட்டியிருக்க அங்கே போய் உட்காருவாள். மற்றவர்கள் எல்லாம் பதினேழு வயது. சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கே இருபத்துநான்குதான். அவளும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டால் அக்காவும் கிடையாது தங்கையும் கிடையாது.

"அக்கா, படம் நல்லா இருக்கு. விளக்கம் நல்லா இருக்கு. முதல் வரி எங்க?"

"எந்த முதல் வரி?"

"மற்றவை மாறாதிருக்கும்போது. விலை ஏறினா தேவை குறையும்னு எழுதியிருக்கீங்க. எப்பக் குறையும்? வருமானம், ரசனை, மத்த சாமான் விலை, இதெல்லாம் அப்படியே இருந்தாத்தான் குறையும். அந்த வரி இல்லன்னா கீழ எழுதின ஒரு பக்கமும் காத்துல நிக்குது." மூன்று மதிப்பெண்ணை வெட்டினாள். முன்பு இரண்டு தடவையும் எப்படித் தோற்றோம் என்பது அன்றைக்குத்தான் காலர் அக்காவுக்குப் புரிந்தது.

வீட்டில் ஒப்பிப்பதைக் கேட்டவள் நாத்தனார். கணவர் லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நான்கைந்து நாள்தான் வீட்டில் இருப்பார். மற்ற நாளெல்லாம் இரண்டு பெண்களும் ஓர் அடுப்பும்தான். நாத்தனாருக்கு இடது கால் கொஞ்சம் குட்டை. அதனாலோ என்னவோ கல்யாணம் கூடிவரவில்லை, வேலையும் சீக்கிரம் கிடைக்கவில்லை. காலர் அக்காதான் மேனேஜரிடம் இரண்டு மாதம் சொல்லிச் சொல்லி அவளைப் பிசிர் மேஜையில் சேர்த்துவிட்டாள். தைத்து முடிந்த சட்டையில் அங்கங்கே தொங்குகிற நூல் முனைகளைச் சின்னக் கத்திரியால் வெட்டி எடுக்கிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். குட்டைக் காலுக்குக் கீழே ஒரு மரத்துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பாள்.

பரீட்சைக்குப் பணம் கட்டிய அன்றே சமையலை நாத்தனார் தன் தலையில் போட்டுக்கொண்டாள். அதோடு விடவில்லை. அரிசி கொதிக்கிற நேரத்தில் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொள்வாள். அவள் நாலாம் வகுப்பு. எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படிப்பாள். அதனால் அவளை ஏமாற்ற முடியாது.

"தப்பு அண்ணி."

"என்ன தப்பு?"

"நீங்க 'அதனால'ன்னு சொன்னீங்க. இங்க 'ஆகவே'ன்னு போட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா."

"ஒண்ணுன்னா அவங்களே 'அதனால'ன்னு போட்டிருப்பாங்களே. திரும்பச் சொல்லுங்க."

இப்படிச் சொல்லிச் சொல்லி, பாதிப் புத்தகம் நாத்தனாருக்கே மனப்பாடம். குறிப்பாக அந்த முதல் வரி. பதில் ஆரம்பிக்கும் முன்னால் அவளே மெட்டுப்போட்டு எடுத்துக் கொடுப்பாள்: "மற்றவை மாறாதிருக்கும்போது..." ஒருநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது. கேட்டதற்கு, "மத்ததெல்லாம் மாறாமத்தான் இருக்கு அண்ணி, உப்பு மட்டும்தான் மாறிருச்சு," என்றாள். இரண்டு பேரும் புரையேறும்வரை சிரித்தார்கள்.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது லைன் படுத்துவிட்டது. பிசிர் மேஜையில் ஆறு பேர் இருந்தபோது நாளைக்கு எழுநூற்று இருபது சட்டை முடிந்துகொண்டிருந்தது. ஒரு பெரிய ஆர்டரை முன்னிட்டு மேனேஜர் எட்டுப் பேர் ஆக்கினார். எழுநூற்று அறுபது வந்தது. பத்துப் பேர் ஆக்கினார். எழுநூற்று எழுபதுதான். பன்னிரண்டு பேர் ஆக்கினார். எழுநூற்று ஐம்பத்தைந்துக்கு இறங்கிவிட்டது. ஆள் கூடக் கூடச் சட்டை குறைகிறது. அவர் தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

தேநீர் இடைவேளையில் காலர் அக்கா மெஷினிலேயே உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை விரித்திருந்தாள். அவர் வந்து நின்றார்.

"என்னம்மா பொருளாதாரம், நீயாவது சொல்லு. பத்துப் பேர் செஞ்ச வேலையைப் பன்னெண்டு பேர் செய்ய மாட்டேங்கறாங்க. அதுக்கு உன் புத்தகத்துல ஏதாவது இருக்கா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் அவள் மடியில் திறந்திருந்த பக்கமே அதுதான். குறைந்துசெல் விளைவு விதி. அவளுக்குக் காது சூடாகிவிட்டது. துணிக்கட்டோடு வருகிற பண்டல் சீட்டு ஒன்றைத் திருப்பிப்போட்டு, கீழே ஆட்களின் எண்ணிக்கை, பக்கவாட்டில் சட்டை என்று கோடு இழுத்தாள். மேஜையின் நீளம் அவ்வளவேதான், அதில் ஆளை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒருவர் முழங்கை இன்னொருவர் மேல் இடிக்கும். கடைசியாக வந்த ஆளால் கூடுதலாகக் கிடைப்பது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ஏழாவது, எட்டாவது ஆளால் தலைக்கு இருபது சட்டை. ஒன்பது, பத்தால் தலைக்கு ஐந்து. பதினொன்று, பன்னிரண்டால் ஒன்றுமில்லை, இருப்பதும் போகிறது. அதற்குப் பெயர் இறுதிநிலை உற்பத்தி. கோடு ஏறி, தட்டையாகி, கீழே வளைந்தது. தட்டையாகத் தொடங்குகிற எட்டில் ஒரு புள்ளி வைத்தாள்.

மேனேஜர் சீட்டைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்ளோ நாளா காலர் தைக்க விட்டிருக்கோம் பாரு உன்னை," என்றார். "மேஜையில உன் பேரை எழுதிட்டேன்னு வெச்சுக்கோ. பேப்பர் மட்டும் வரட்டும்." சீட்டைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று முழுவதும் அவளுக்கு விரல் மரத்ததே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் பிசிர் மேஜையிலிருந்து நான்கு பேரைக் கூப்பிட்டார்கள். வேகம் குறைந்தவர்கள் யார் என்று சூப்பர்வைசரைக் கேட்டு எடுத்த பட்டியல். நான்காவது ஆள் நாத்தனார். அவள் மரத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, லைனின் ஓரமாக, மெஷின்களைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே போனதைக் காலர் அக்கா பார்த்தாள். தன் கால் பெடலிலேயே இருந்தது. எழுந்து போகவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது சோறு தயாராக இருந்தது. நாத்தனார் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"ஏதோ படம் போட்டுக் காட்டினீங்களாமே. பட்டன் சொன்னா."

"ஆமா."

"எங்களை வெச்சா படம்?"

"பேரெல்லாம் சொல்லலம்மா. எண்ணிக்கைதான். அவர் கேட்டார்."

நாத்தனார் தலையாட்டினாள். கோபமே இல்லாமல், ஒப்பிக்கும்போது கேட்கிற அதே குரலில் கேட்டாள்: "முதல் வரி சொன்னீங்களா அண்ணி?"

காலர் அக்கா தலையில் ஒட்டியிருந்த நூலைப் பிடுங்கினாள்.

"மத்தது எதுவும் மாறலையா? நூல் மாறிச்சே. பத்துப் பேர் ஆன வாரத்துலதான் அந்த மஞ்சள் அட்டைக் கோன் நூல் வந்துச்சு. நான் கால் வலி மறக்க எண்ணிக்கிட்டே வெட்டுறவ. முன்னாடி ஒரு சட்டைக்கு ஒம்பது பிசிர். இப்ப பதினாறு. ஆள் ரெண்டு மடங்கு, பிசிரும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அப்புறம் சட்டை எப்படிக் கூடும்?"

அது காலர் அக்காவுக்குத் தெரியாத விஷயமில்லை. புது நூல் அறுந்து அறுந்து ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஊசியில் கோத்தவளே அவள்தான். அறுந்த இடத்தில் மறுபடி தையலை ஆரம்பித்தால் இரண்டு முனை கூடுதலாகத் தொங்கும். லைனில் முப்பத்திரண்டு மெஷினிலும் அதே கதை. கை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மேனேஜர் ஆளைப் பற்றிக் கேட்டார், புத்தகம் ஆளைப் பற்றிப் பேசியது, கேள்வியில் நூல் வரவில்லை. பரீட்சைத்தாளுக்குப் பதில் எழுதுகிற மாதிரியே எழுதிவிட்டாள். மூன்று மதிப்பெண் போகும் என்று சிவப்புப் பேனா எச்சரித்த அதே இடத்தில்.

"நாளைக்கே போய்ச் சொல்லுங்க," என்றாள் நாத்தனார். "நாலு பேருக்கும் சேர்த்து."

"சொல்றேன். கண்டிப்பா சொல்றேன். ஆனா இப்பப் போயி நான் சொன்னது தப்புன்னு சொன்னா... மேஜையில வேற ஆளைப் போட்டுருவார். பரீட்சைக்கு இன்னும் நாலு வாரம்தான். முடியட்டும். பேப்பர் கைக்கு வந்தப்புறம் சொன்னா என் பேச்சுக்கும் ஒரு மதிப்பு இருக்கும்."

வழியிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்ட கணவரும் அதையேதான் சொன்னார். "அந்த மேஜையை விட்டுறாத. தங்கச்சிக்கு வேற எங்கயாச்சும் பாப்போம்." வேற எங்கே என்று அவர் சொல்லவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது, அதோடு பேச்சும் போயிற்று.

நாத்தனார் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் போடவில்லை. மறுநாள் அரிசி கொதிக்கும்போது வழக்கம்போலப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். விரல் வைத்துப் படித்தாள். "தப்பு" என்றாள், "சரி" என்றாள். மெட்டு மட்டும் இல்லை. அந்த நான்கு வாரமும் காலர் அக்கா அந்த இரண்டு சொல்லுக்கும் இடையில் வாழ்ந்தாள்.

பகலில் நாத்தனார் ஒவ்வொரு கம்பெனி வாசலாக ஏறி இறங்கினாள். எட்டு வாசல். எல்லா இடத்திலும் முதலில் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு அவள் நடந்து வருவதைப் பார்த்தார்கள், பிறகு ஆள் தேவையில்லை என்றார்கள். ஒன்பதாவதாக, ஊருக்கு வெளியே பழைய பாட்டில்களை வகைபிரிக்கிற கொட்டகையில் சேர்த்துக்கொண்டார்கள்.

"உக்காந்து செய்யற வேலைதான் அண்ணி. காலுக்கு நல்லது," என்று சொன்னாள். முதல் வாரமே இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றியிருந்தது. கண்ணாடி கிழித்த கை. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள்.

பரீட்சை மூன்று மணி நேரம். பேனாவைப் பிடிக்க வசதியாகக் காலர் அக்கா அதன் மேல் கைக்குட்டையைச் சுற்றிக் கட்டியிருந்தாள். இரண்டாவது மணியிலேயே விரல்கள் போய்விட்டன. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, எழுத்து எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதினாள். கண்காணிப்பாளர் இரண்டு தடவை வந்து, மேஜைக்கடியில் ஏதாவது வைத்திருக்கிறாளா என்று குனிந்து பார்த்துவிட்டுப் போனார். எந்தக் கேள்வியானாலும் முதல் வரியை எழுதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனாள். வங்கிகளின் பணிகள் யாவை என்ற கேள்விக்குக்கூட அப்படித்தான் ஆரம்பித்தாள். வெளியே வந்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது. சிரிப்பு வரவில்லை.

முடிவு வர ஏழு வாரம் ஆயிற்று. தேறுவதற்கு வேண்டியதைவிட ஆறு மதிப்பெண் கூடுதல். அடுத்த திங்கட்கிழமையே சான்றிதழ் நகலைக் கொண்டுபோய் மேனேஜர் மேஜையில் வைத்தாள். அவர் எழுந்து கைகொடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனிதர். ரைட்டர் மேஜைச் சாவியை அப்போதே எடுத்து நீட்டினார். சாவியைக் கையில் வாங்கிய பிறகுதான் அவள் பேசினாள். வாங்குவதற்கு முன்னால் பேசியிருக்கலாம் என்று பிறகு பல தடவை நினைத்தாள்.

"சார், அந்தப் படம். நான் ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். அந்த வாரம் நூல் மாறிச்சு. பிசிர் அதிகமாச்சு. ஆள் அதிகமானதால மட்டும் குறையல. அந்த நாலு பேரும்..."

"நூல் மாறினது எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். திட்டவில்லை. களைத்த குரலில், அவளும் இனி மேஜை ஆள்தானே என்கிற மாதிரி சொன்னார். "மூணு தடவை எழுதினேன், இந்த நூல் வேண்டாம்னு. நூல் வாங்கறது தலைமை ஆபீஸ்ல. இங்கருந்து நான் மாத்தக்கூடியது ஆளை மட்டும்தான். சட்டை ஏன் குறையுதுன்னு கேட்டா நான் ஒரு காரணம் அனுப்பணும்ல. உன் படத்தை அப்படியே வரைஞ்சு அனுப்பினேன். ரொம்பத் தெளிவா இருக்குன்னு பாராட்டி எழுதியிருந்தாங்க."

"இப்ப எட்டுப் பேர்ல அறுநூத்து நாப்பதுதான் வருது சார்."

"தெரியும்."

"திரும்பக் கூப்பிடலாம்ல?"

"எட்டுதான் சரியான அளவுன்னு எழுதிக் கொடுத்தாச்சும்மா. இப்ப பன்னெண்டு வேணும்னு எந்த முகத்தோட கேப்பேன்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போ, போய் உக்காரு. பத்து மணிக் கணக்கு எழுதணும்."

அன்று சாயங்காலம் நாத்தனார் கொட்டகையிலிருந்து வருவதற்குள் அவளே சமைத்துவிட்டாள்.

"சொல்லிட்டேன்," என்றாள்.

"என்ன சொன்னார்?"

"அவருக்கு முன்னாடியே தெரியுமாம். தெரிஞ்சுதான் செஞ்சிருக்கார்."

நாத்தனார் உள்ளங்கைத் துணியை மெதுவாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று காயத்தோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்தாள். "அப்ப உங்க மேல தப்பில்லன்னு சொல்ல வர்றீங்களா?"

"இல்ல."

"சரி. ரசத்தைக் கொஞ்சம் சூடு பண்ணுங்க. ஆறிப்போச்சு," என்றாள்.

ரைட்டர் மேஜையில் ஊசி கிடையாது. ஒரு மாதத்தில் விரல்களுக்கு ஓரளவு உயிர் வந்தது. துணியைத் தொட்டால் துணி என்று தெரிந்தது. மணிக்கு ஒரு தடவை கணக்கு எழுதும் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு லைன் முழுக்க நடந்து, கடைசியில் பிசிர் மேஜைக்கு வருவாள். அங்கே நிற்கிற எட்டுப் பேரும் அவளோடு எத்தனையோ வருஷம் டிபன் பாக்ஸைப் பகிர்ந்து சாப்பிட்டவர்கள். அவள் தூரத்தில் வரும்போதே பேச்சு நின்றுவிடும். அவள் பக்கத்தில் வந்து நின்றதும் கத்திரிகள் வேகமெடுக்கும். அவள் நகர்ந்து பத்தடி போனதும் பழைய வேகத்துக்கு இறங்கும். முதுகுப்பக்கமாக அது அவளுக்குக் கேட்கும். அவள் நின்று எண்ணுகிற ஐந்து நிமிஷத்து வேகம் எந்த நாளின் வேகமும் இல்லை. அதைத்தான் எழுத வேண்டியிருந்தது.

"மெதுவாவே செய்ங்க. நான்தானே," என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"பரவால்ல மேடம்," என்றாள் மூலையில் நின்றவள். இன்னும் வேகமாக வெட்டினாள்.

அந்த அவசரத்தில் கத்திரி முனை நூலைத் தாண்டித் துணிக்குள் போயிற்று. தோள்பட்டைத் தையலுக்குக் கீழே, நகத்தளவு ஓட்டை. மூலையில் நின்றவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டையை மடித்து, முடிந்த அடுக்கின் மேலே வைக்காமல், மேஜைக்கடியில் கால் பக்கமாகத் தள்ளிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

அட்டையைப் பிடித்து நின்றவள் அதைப் பார்த்தாள். அவள் பார்த்ததை அந்த எட்டுப் பேரும் பார்த்தார்கள். அடுக்கில் எண்பது சட்டை இருந்தது. பத்திலிருந்து பதினொரு மணி வரை என்று இருந்த கட்டத்தில், கீழே கிடந்ததையும் சேர்த்து, எண்பத்தொன்று என்று எழுதினாள். பிறகு தன் மேஜைக்கு நடந்தாள்.